தலைமன்னார்ப் பாதையை மேசையில் அமைப்போம்: தொடர்ச் சுற்றும் சமாந்தரச் சுற்றும்

மாணவர்களே, மின் பற்றிய அலகில் தொடர்ச் சுற்று, சமாந்தரச் சுற்று ஆகிய இரண்டையும் நீங்கள் கற்றிருப்பீர்கள். சூத்திரங்களும் பாடமாகியிருக்கும். ஆனால் "ஏன் சமாந்தரமாக இணைக்க வேண்டும்?" என்று காரணம் கேட்கும் வினாவிலேதான் பலர் புள்ளிகளை இழக்கிறார்கள். அந்தக் காரணத்தை மேசை மீது ஒரு மாதிரிப் புகையிரதப் பாதையை அமைத்துக் கண்டறிவோம். பாதையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை செல்லும் நமது பாதையே போதும்.

பாதையின் கதை

ஏறத்தாழ 106 கிலோமீற்றர் நீளமான இப்பாதையும் மறுகரையில் தனுஷ்கோடி வரை வந்த இந்தியப் பாதையும் 1914 இல் கப்பற் சேவையினால் இணைக்கப்பட்டன. 1964 டிசெம்பர்ச் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோனது. 1990 இல் யுத்தத்தினால் பாதையே மூடப்பட்டது. மீண்டும் மடு வீதி வரையான 43 கிலோமீற்றர் 2013 இலும், எஞ்சிய 63 கிலோமீற்றர் 2015 மார்ச்சிலும் திறக்கப்பட்டன. இந்தியாவின் இர்கோன் நிறுவனம் இவ்வேலையைச் செய்தது. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் மன்னாரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தம் ஊரில் புகையிரதம் ஓடக் கண்டதில்லை.

இங்கே ஒன்றை அவதானியுங்கள். இரு பகுதிகளும் இரண்டு வருட இடைவெளியில் முடிந்தன. ஆயினும் மடு வீதியைத் தாண்டும் வண்டிக்கு அந்த மூட்டு தெரியாது. தண்டவாள இடைவெளியும் உயரமும் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதே காரணம். மறுகரையில் நிலைமை வேறு. நமது பாதை 1676 மில்லிமீற்றர் (5 அடி 6 அங்குலம்) இடைவெளி கொண்ட அகலப் பாதை. இராமேஸ்வரம் பக்கமோ 2007 வரை 1000 மில்லிமீற்றர் கொண்ட மீற்றர்ப் பாதையாகவே இருந்தது. இடையில் கடல் இல்லாவிட்டாலும் ஒரு பெட்டி கூட நேரே போயிருக்க முடியாது.

துண்டுகளாக அமைக்கும் மாதிரிப் பாதைக்கும் இதுவே அடிப்படை. துண்டின் நடுவில் நீங்கள் எதையும் செய்யலாம். முனைகள் மட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1970களில் தொடங்கிய என்-ட்ராக் முறையில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் தத்தம் வீடுகளில் செய்த துண்டுகளை ஒரு மண்டபத்தில் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். நீங்களும் நான்கு நண்பர்கள் ஆளுக்கொரு துண்டு செய்யலாம். எஞ்சினை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், விலையும் கூட. நால்வருக்கும் ஒன்று போதும்.

அளவுத்திட்டம்

கடைகளில் அதிகம் கிடைப்பது எச்.ஓ. என்ற வகை. அதன் அளவுத்திட்டம் 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். 16.5 ஐ 87 ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 1435 வரும். அது ஐரோப்பாவில் பெரிதும் வழங்கும் இடைவெளி. நமது பாதையை 1:87 இல் செய்தால் இடைவெளி 1676 ÷ 87 = 19.3 மில்லிமீற்றராக இருக்க வேண்டும். இந்த 2.8 மில்லிமீற்றர் குறைவைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பேன். தண்டவாளம் சற்று ஒடுங்கியிருப்பதை யாரும் கவனிக்கப் போவதில்லை. நிலையக் கட்டடத்தைவிட எஞ்சின் பெரிதாக நின்றால் உடனே தெரிந்துவிடும்.

இதே அளவில் முழுப் பாதையையும் செய்தால் 1.2 கிலோமீற்றருக்கு மேல் வரும். எனவே நான்கு இடங்களை மட்டும் தெரிவு செய்வோம்: தீவுக்குள் நுழையும் பாலம், மன்னார், பேசாலை, தலைமன்னார் இறங்குதுறை. ஒவ்வொன்றுக்கும் 120 சென்ரிமீற்றர் நீளம், 40 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒட்டுப்பலகை எடுத்துக் கீழே சட்டம் அடியுங்கள். முனையில் தண்டவாளத்தின் மையம் முன்விளிம்பிலிருந்து 10 சென்ரிமீற்றரில் இருக்கட்டும். அது விளிம்புக்குச் செங்குத்தாக வரவேண்டும். பக்கத்துத் துண்டுடன் ஆணியும் சுரையும் கொண்டு இறுக்குங்கள். மன்னார்த் துண்டில் ஒரு பெருக்கமரமும் இரண்டு கழுதைகளும் இல்லாவிட்டால் ஊர்க்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்!

மின் இணைப்பு

இதுவே பாடத்தின் மையம். எஞ்சினிலுள்ள மோட்டர் தனக்கு வேண்டிய 12 வோல்ற்று நேரோட்டத்தைச் சில்லுகள் வழியாக இரு தண்டவாளங்களிலிருந்தும் பெறுகிறது. ஒரு தண்டவாளம் நேர், மற்றது மறை. முனைவுகளை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும்.

மின்வழங்கியைப் பாலத் துண்டில் மட்டும் இணைத்தால் என்ன நடக்கும்? இறங்குதுறையில் நிற்கும் எஞ்சினை அடைய மின்னோட்டம் மூன்று மூட்டுகளைக் கடக்க வேண்டும். போக ஒரு தண்டவாளம், வர ஒரு தண்டவாளம். ஆகவே 6 தொடுகைகள், அனைத்தும் தொடராக. அழுக்குப் படிந்த ஒரு தொடுகையின் தடை 0.5 ஓம் எனக் கொள்வோம்.

மொத்தத் தடை = 6 × 0.5 = 3 ஓம்
எஞ்சின் எடுக்கும் மின்னோட்டம் 0.5 அம்பியர் எனின்,
மூட்டுகளில் இழக்கப்படும் அழுத்த வித்தியாசம் = 0.5 × 3 = 1.5 வோல்ற்று
எஞ்சினுக்குக் கிடைப்பது = 12 – 1.5 = 10.5 வோல்ற்று

எஞ்சின் பாரமான வண்டியை இழுத்து 1 அம்பியரை எடுத்தால் 9 வோல்ற்றே மிஞ்சும். வண்டி மன்னாரில் விரைந்து, பேசாலையில் தளர்ந்து, இறங்குதுறையில் ஊர்ந்து செல்லும். ஒரு மூட்டு முற்றாக விட்டுப்போனால் அதற்கு அப்பால் எதுவுமே ஓடாது.

தீர்வு இதுதான். ஒவ்வொரு துண்டின் அடியிலும் இரண்டு தடித்த செப்புக் கம்பிகளை முனைக்கு முனை ஓட விடுங்கள். இவை பிரதான கம்பிகள். அவற்றிலிருந்து அத்துண்டின் இரு தண்டவாளங்களுக்கும் குறுகிய கிளைக்கம்பிகளைப் பற்றாசு பிடித்து இணையுங்கள். துண்டுகளுக்கிடையில் பிரதான கம்பிகளைச் செருகிகளால் இணையுங்கள். இப்போது நான்கு துண்டுகளும் சமாந்தரமாக உள்ளன. 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பி, போக வர 9.6 மீற்றருக்கு ஏறத்தாழ 0.16 ஓம் தடையே தரும். 0.5 அம்பியரில் இழப்பு 0.08 வோல்ற்று. 1.5 உடன் ஒப்பிடுங்கள்!

முன் தண்டவாளத்துக்குச் சிவப்பு, பின் தண்டவாளத்துக்குக் கறுப்பு என்று நால்வரும் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் மாற்றி இணைத்தாலும் துண்டுகளைப் பொருத்தியவுடன் குறுஞ்சுற்று ஏற்படும். ஒரு திசையில் மட்டுமே பொருந்தும் செருகியை வாங்குவது புத்தி. இறங்குதுறையில் பாதையை வளையமாகச் சுற்றித் திருப்பவும் ஆசைப்படாதீர்கள். சுற்றி வரும் முன் தண்டவாளம் பின் தண்டவாளத்தையே சந்திக்கும், அதுவும் குறுஞ்சுற்றே. அங்கே ஒரு பக்கப் பாதை போட்டு, எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டுங்கள்.

நிலைய விளக்குகளுக்கு வேறாக இரு கம்பிகள் வேண்டும். தண்டவாளத்திலிருந்து எடுத்தால் வண்டி மெதுவாகும்போது ஒளி மங்கும். முனைவு மாறும்போது ஒளிகாலும் இருவாயி ஒளிரவே மாட்டாது. 2 வோல்ற்று, 0.01 அம்பியர் கொண்ட இருவாயியை 12 வோல்ற்றில் இணைக்கத் தொடராக (12 – 2) ÷ 0.01 = 1000 ஓம் தடையி தேவை.

எச்சரிக்கை: 230 வோல்ற்று வீட்டு மின்சாரம் பலகைக்கு வரவே கூடாது. மூடிய உறையுள்ள 12 வோல்ற்று நேரோட்ட மின்வழங்கியை வாங்குங்கள். அதைத் திறக்க வேண்டாம். அதற்கு அடுத்ததாக நேர்க்கம்பியில் ஓர் உருகி போடுங்கள்.

நம் கடற்கரையில் உப்புக்காற்று இன்னொரு தொல்லை. உருக்குத் தண்டவாளம் விரைவில் துருப்பிடிக்கும். நிக்கல்-வெள்ளி எனப்படுவதை வாங்குங்கள். பெயரில் மட்டுமே வெள்ளி; உண்மையில் அது செப்பு, நிக்கல், நாகம் சேர்ந்த கலப்புலோகம். அதையும் துணியில் ஸ்பிரிட்டு நனைத்து அடிக்கடி துடைக்க வேண்டும்.

பயிற்சி வினா

5 துண்டுகள் கொண்ட பாதையின் முதலாம் துண்டுக்கு மட்டும் 12 வோல்ற்று வழங்கப்படுகிறது. ஒவ்வொரு தொடுகையின் தடையும் 0.25 ஓம். எஞ்சின் 0.8 அம்பியரை எடுக்கிறது.
(அ) 5 ஆம் துண்டில் எஞ்சினுக்குக் கிடைக்கும் அழுத்த வித்தியாசம் யாது?
(ஆ) 2 ஆம், 3 ஆம் துண்டுகளுக்கிடையில் ஒரு தொடுகை விட்டுப்போனால் எஞ்சின் எத்துண்டுகளில் ஓடும்? பிரதான கம்பிகள் இருந்தால்?

விடை: (அ) 8 தொடுகைகள், 2 ஓம், 12 – 1.6 = 10.4 வோல்ற்று. (ஆ) 1 ஆம், 2 ஆம் துண்டுகளில் மட்டும். பிரதான கம்பிகள் இருந்தால் ஐந்திலும் ஓடும். ஒவ்வொரு துண்டும் வழங்கலுடன் சமாந்தரமாக இணைந்திருப்பதால் ஒரு தொடுகை விட்டுப்போவது மற்றத் துண்டுகளின் சுற்றைத் துண்டிக்காது. இந்தக் கடைசி வாக்கியத்துக்கே புள்ளி. அதை எழுதாமல் விடாதீர்கள்.