டேட்டாபேஸுக்கு ஒரு தத்துவப் பாடம்

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலரும் செய்ய நினைப்பது, தெரிந்தவர்களின் விவரங்களை ஒரு டேபிளில் சேமிப்பது. அதில் எதை எதை எப்படிப் பதிவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதை கான்செப்சுவல் மாடலிங் என்கிறோம். இதற்காக 1976-ல் பீட்டர் சென் என்டிட்டி ரிலேஷன்ஷிப் மாடலை வெளியிட்டார். சாஃப்ட்வேர் எஞ்சினியரான எனக்கு இதில் பெரிதும் கைகொடுப்பவர் பிரெஞ்சு தத்துவ அறிஞர் சார்த்தர். வியப்பாக இருக்கிறதா?

1945-ல் பாரிஸில் ஆற்றிய உரையில் அவர் காகிதம் வெட்டும் கத்தியை உதாரணம் காட்டினார். கத்தி எதற்கு, எப்படி இருக்க வேண்டும் என்பது செய்பவரின் மனதில் முதலில் உருவாகிறது; கத்தி பிறகுதான் வருகிறது. மனிதன் அப்படியல்ல. அவன் முதலில் இருக்கிறான். தான் யார் என்பதைப் பிறகு தன் செயல்களால் உருவாக்கிக் கொள்கிறான்.

புரோகிராமில் கிளாஸை எழுதிய பிறகே ஆப்ஜெக்டை உருவாக்குகிறோம். இது கத்தியின் வழி. திரையில் தெரியும் பட்டனுக்கு இது சரி. ஆனால் உங்கள் டேபிளில் இடம்பெறும் மனிதர், டேபிளுக்கு முன்பே இருப்பவர். எனவே மூன்று விதிகளை நான் பின்பற்றுகிறேன்.

1. ஒவ்வொருவருக்கும் அர்த்தமற்ற ஓர் எண் கொடுங்கள். லிப்ரே ஆபீஸ் பேஸில் டேபிள் டிசைன் பகுதியில் இன்டிஜர் ஃபீல்டு ஒன்றை அமைத்து, ஆட்டோ வேல்யூவில் யெஸ் கொடுத்து, அதையே பிரைமரி கீ ஆக்குங்கள். போன் நம்பரைக் கீயாக வைத்தால், வீட்டில் ஒரே போனைப் பயன்படுத்தும் இருவரைப் பதிய முடியாது.

2. ஆசிரியர், வாடகைதாரர் போன்றவற்றைத் தனி டேபிளில் வைத்து, அந்த எண்ணால் இணையுங்கள். ஒருவரே இரண்டுமாக இருக்கலாம், நாளை மாறலாம்.

3. எண்ணைத் தவிர மற்ற ஃபீல்டுகளைக் கூடியவரை கட்டாயமாக்காதீர்கள்.

மூன்றாவது விதி நம்மவர்களுக்கு நன்றாகப் புரியும். தமிழர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று அடம்பிடிக்கும் படிவத்தில் அப்பா பெயரையோ ஒரு புள்ளியையோ போட்டுத்தான் நகர வேண்டியிருக்கிறது. பிறகு டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று அலைவது அவர்தான். படிவத்தை வடிவமைத்தவர் அல்ல.

ஆகவே டேபிளை சேவ் செய்யும் முன், உங்களுக்குத் தெரிந்த ஐந்து பேரை மனதில் கொண்டு வாருங்கள். ஒருவராவது அதில் பொருந்தவில்லை என்றால், திருத்த வேண்டியது டேபிளைத்தான்.