தம்பிரான் தோழரும் தென்கயிலை வழியும்

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற திருத்தலங்கள் ஏழு. அவற்றுள் திருமுருகன்பூண்டியும் அவிநாசியும் திருப்பூருக்கு அருகில் ஒரே சாலைவழியில் அமைந்துள்ளன. தம்பிரான் தோழர் எனப் போற்றப்பெறும் சுந்தரமூர்த்தி சுவாமிகள், தம் நண்பர் சேரமான் பெருமாளின் பொருட்டு மேற்கொண்ட பயணங்களில் இவ்விரு தலங்களையும் பாடியருளினார்.

சேரமான் அளித்த பொன்னும் மணியும் ஆடையும் ஆட்கள் சுமந்துவர, சுந்தரர் திரும்பிக்கொண்டிருந்தார். திருமுருகன்பூண்டிக் காட்டுவழியில் சிவபெருமானின் பூதகணங்கள் வேடர் வடிவில் மறித்து அனைத்தையும் பறித்துக்கொண்டன. அடியாருக்குப் பிறர் கையால் அன்றித் தம் கையாலேயே பொருள் சேர வேண்டும் என்பது இறைவன் திருவுள்ளம். தோழரிடமே கொள்ளையிட்ட தோழர்! சுந்தரரும் உரிமையோடு பாடிக் கேட்டார், பொருள்கள் மீண்டன. பெரியபுராணம் உரைக்கும் வரலாறு இது.

சுமையைக் களையவைக்கும் காட்டுவழி இன்றும் உண்டு. கோயம்புத்தூருக்கு மேற்கே, தென்கயிலை எனப்படும் வெள்ளியங்கிரியின் அடிவாரத்திற்கும் பூண்டி என்றே பெயர். பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை மலையேற அனுமதிக்கும் நாள்களில், பனியன் தொழிற்கூடங்களில் பணிபுரியும் அன்பர்கள் பலர், சனிக்கிழமை வாரச் சம்பளம் பெற்றதும் நண்பர்களோடு புறப்படுகின்றனர். கையில் மூங்கில் தடி. தோளில் சிறு பை. முதல் மலையின் படிகளிலேயே பேச்சு குறைகிறது. நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் ஓசை கேட்டுப் பழகிய செவிக்குச் சுனைநீரின் ஓசையும் காற்றின் இரைச்சலும் புதிதாக ஒலிக்கின்றன. மேல் மலைகளில் குளிர் கடுமையானது. கம்பளி இல்லாத நண்பருக்குத் தம் போர்வையில் பாதியைத் தருவோரைக் காணலாம். ஏழாம் மலையில் பாறைக் குகையில் சுயம்பு லிங்கமாக எழுந்தருளியுள்ள பெருமானை விடியலில் தரிசிக்கும்போது, ஓவர்டைம் கணக்கும் ஏற்றுமதிக் கெடுவும் நினைவில் எழுவதில்லை.

எனினும் ஏறுவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2024ஆம் ஆண்டு மலையேறிய அன்பர் சிலர் மூச்சுத் திணறலாலும் உடல்நலக் குறைவாலும் உயிர்நீத்தனர். இதயநோய், ஆஸ்துமா உடையோர் ஏறலாகாது என வனத்துறை அறிவுறுத்துகிறது. உடன் வந்தவர் களைத்து அமர்ந்தால், அவரைத் தனியே விட்டு மேலேறுவது தரிசன ஆர்வமே ஆயினும் முறையன்று. வெள்ளை யானைமீது கயிலைக்குப் புறப்பட்ட வேளையிலும் சுந்தரர் சேரமானை நினைந்தே சென்றார். அதனை உணர்ந்த சேரமான், குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி உடன் சேர்ந்தார். நண்பருக்காகப் பாதி வழியில் இறங்க நேரின் வருந்த வேண்டுவதில்லை. அடிவாரப் பூண்டியில் மனோன்மணி அம்மையுடன் வெள்ளியங்கிரி ஆண்டவர் எழுந்தருளியுள்ளார். அவர் திருமுன் இருவரும் சேர்ந்தே நின்று வழிபடலாம்.