இரண்டு பிள்ளைகளும் ஒரு ரந்தோலியும்

கண்டியில் குடியிருப்பவர்களுக்கு ஆகஸ்ட் மாதம் வந்தால் சொந்தம் பெருகிவிடும். ஆண்டு முழுக்க ஒரு கோல் எடுக்காதவர்கள், எசல பெரஹரா ஊர்வலத்தின் திகதி பத்திரிகையில் வந்த மறுநாளே "சின்னவன் நடக்கிறானா?" என்று விசாரிப்பார்கள். உங்கள் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

2024 ஆகஸ்டில் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் பகலில் நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன். மகளுக்கு நாலரை வயது, மகனுக்குப் பதினொரு மாதம். வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் அம்மா, தங்கச்சியின் பிரசவத்துக்காக அட்டனுக்குப் போய்விட்டார். மனைவி அரசாங்க நர்ஸ். முழுச் சம்பளத்தோடு 84 நாள், அரைச் சம்பளத்தோடு இன்னொரு 84 நாள் என்று பிரசவ விடுமுறையை எடுத்து முடித்திருந்தாள். சம்பளமே இல்லாத மூன்றாவது 84 நாளை எடுக்க எங்கள் வீட்டுக் கணக்கு இடம் தரவில்லை. உங்கள் வீட்டில் மட்டும் இடம் தருமா?

தகப்பன்மாருக்கு அரச சேவையில் 3 நாள் கிடைக்கும். தனியார் துறையில் அதையும் கட்டாயமாக்கிய சட்டம் இல்லை. ஆகவே ஆண்டு லீவு 14, கெஷுவல் லீவு 7 இரண்டையும் கூட்டி, நடுவில் சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) விடுமுறையைச் செருகி ஒரு மாதம் தேற்றினேன். கெஷுவலை மொத்தமாகத் தர மாட்டார்கள். மேனேஜரிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். இதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் சொன்னது ஒன்றுதான்: "ஆம்பள எப்படிப் பார்ப்பான்?"

பார்த்தேன். அன்றாட வேலைகளைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. காலையில் மகளுக்குச் சமபோஷ உருண்டை, மகனுக்குப் பருப்பும் பூசணியும் மசித்த சோறு, மேலே ஒரு சிட்டிகை நெத்தலித் தூள் (கிளினிக்கில் மிட்வைஃப் சொல்லித்தந்தது, வாசனையைப் பார்த்து ஒதுக்காதீர்கள்). குளிப்பாட்டல், தூங்க வைத்தல், மறுபடியும் சோறு. ஆகஸ்ட் தூறலில் நெப்பி காயாது. ஃபேனுக்குக் கீழே கொடி கட்டுங்கள், அவ்வளவுதான். ஜன்னலை மட்டும் திறந்து வைக்காதீர்கள். குரங்கு வந்து பிஸ்கட் டின்னை எடுத்துப் போனால் பரவாயில்லை, பிள்ளையின் கையில் இருக்கும் பிஸ்கட்டையும் பறிக்கும். ஸ்ட்ரோலர் வாங்காதீர்கள். கண்டியில் யார் வீட்டுக்குத்தான் படி இல்லை? எங்கள் வீடு ஹந்தானை ஏற்றத்தில், ரோட்டிலிருந்தே படிதான். கொழும்பு அண்ணன் பரிசளித்த ஸ்ட்ரோலர் இன்றும் கட்டிலுக்கு அடியில் மடித்தபடி கிடக்கிறது. அதில் வெங்காயம் வைத்திருக்கிறோம்.

வெளியே கூட்டிப்போகும் விஷயத்தில் என் தேர்வுகள் எதுவும் பிசகவில்லை. பேராதனைப் பூங்கா 147 ஏக்கர். முழுவதையும் சுற்ற நினைக்கிறவர்கள் பிள்ளை இல்லாதவர்கள். பெரிய ஃபைக்கஸ் மரம் நிற்கும் புல்வெளியில் பாயை விரித்து, அங்கேயே இருந்துவிட்டு வந்தோம். யூரி ககாரின் 1961இல் நட்ட மரத்தைக் காட்டி, விண்வெளிக்கு முதலில் போன மனிதன் வைத்தது என்றேன். மகள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. தலைகீழாகத் தொங்கிய வௌவால்களைப் பற்றி மட்டும் வீடு திரும்பும் வரை பேசிக்கொண்டு வந்தாள். இன்னொரு நாள் ரயிலில் கடுகண்ணாவைக்குப் போனோம். ஸ்டேஷனோடு ஒட்டி 2014இல் திறந்த ரயில்வே நூதனசாலை இருக்கிறது. பழைய எஞ்ஜின்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அடுத்த ரயில் வரும்வரை பிள்ளைகளுக்கு நேரம் போவதே தெரியாது. செலவு, ரயில் டிக்கெட்டும் இரண்டு வடையும்.

எல்லாவற்றையும் விட நல்லது, பெரஹரா யானைகளைப் பகலில் பார்ப்பது. அந்த நாட்களில் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையைச் சுற்றியும் தேவாலய வளவுகளிலும் யானைகளைக் கட்டியிருப்பார்கள். அலங்காரம் இல்லை, மின்விளக்குச் சட்டை இல்லை. கித்துள் மட்டையை மடக்கி ஒடித்துத் தின்றபடி நிற்கும். காலையில் கூட்டம் குறைவு. சங்கிலிக்கு எட்டாத தூரத்தில் நில்லுங்கள், பாகன் கூப்பிட்டாலும் தும்பிக்கையைத் தொட விடாதீர்கள். என் மகள் யானை சாணி போடுவதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு போதும், பெரஹரா பார்த்த கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. முடிந்ததாகத்தான் நானும் நினைத்தேன்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து அண்ணன் குடும்பம் வந்தது. அண்ணியின் தங்கச்சி குடும்பமும் கூடவே. ஆகஸ்ட் 19, நிக்கினிப் போயா, கடைசி ரந்தோலி.

கண்டி பெரஹரா தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் ஐந்து இரவு கும்பல் பெரஹரா, சிறியது. அடுத்த ஐந்து இரவு ரந்தோலி, நாளுக்கு நாள் பெரிதாகும். கடைசி ரந்தோலிக்கு நாடே கண்டியில் இருக்கும். நடைபாதையில் இடம் பிடிக்கக் காலையிலேயே பிளாஸ்டிக் விரிப்போடு வந்து உட்காருவார்கள். பிற்பகலில் வீதிகளை மூடிவிடுவார்கள். உள்ளே போக உடல் சோதனை, பை சோதனை. 1998 ஜனவரியில் மாளிகை வாசலில் குண்டு வெடித்த நகரம் இது, சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே போன பிறகு நினைத்த நேரத்தில் வெளியே வர முடியாது. இதைத்தான் கொழும்பிலிருந்து வருபவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை.

நான் வரவில்லை, பிள்ளைகளோடு வீட்டில் இருக்கிறேன் என்றேன். மனைவிக்கு அன்று இரவு டியூட்டி. அண்ணன் விடவில்லை. "தம்பி, புள்ளைகள கண்ணாடிப் பெட்டியிலயா வச்சு வளக்கப் போற? ரெண்டு மணித்தியாலம்தானே!" அதோடு சரித்திரமும் வந்தது. தேவாலயங்களின் ஊர்வலமாக இருந்ததைத் தலதா பேழை முன்னால் போகும் பெரஹராவாக மாற்றியவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், 1747 முதல் 1782 வரை ஆண்ட நாயக்கன். "நம்ம ராஜா வச்ச ஊர்வலத்த நம்ம புள்ளைக பாக்க வேணாமா?" சரித்திரம் சரிதான். நனைந்த கவுனைக் கழுவச் சரித்திரம் வராது.

சம்மதித்தது நான்தானே என்று அண்ணி இன்றைக்கும் சொல்கிறார். வீட்டுக்கு வந்த மூத்தவருக்கு முடியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. சின்ன வயதிலிருந்து எனக்கு அதைப் பழக்கியவரே அண்ணன்தான்.

சாப்பாடு முடிந்த கையோடு இறங்கி, டி.எஸ். சேனாநாயக்க வீதியில் இடம் பிடித்தோம். பிளாஸ்கில் இரண்டு வேளைப் பாலுக்கு வெந்நீர் இருந்தது. இரண்டு மணித்தியாலம் என்று சொன்னதால் அது தாராளம் என்று நினைத்தோம். இருட்டுவதற்குள் இரண்டும் தீர்ந்துவிட்டது. பெரஹரா இன்னும் புறப்படவே இல்லை. மகளுக்கு டொய்லட் வந்தது. மகனை நெஞ்சில் கட்டி, மகளைக் கையில் பிடித்து, உட்கார்ந்திருந்த நூறு பேரைத் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனால் அங்கே கியூ. திரும்பி வந்தபோது எங்கள் இடத்தில் வேறு குடும்பம். அண்ணன் கவனிக்கவில்லை, ஃபோனில் சார்ஜ் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூறல்.

பெரஹராவின் முன்னணியில் வருவது கசையடிப்பவர்கள். இடி இடிப்பது போலச் சாட்டையை வீதியில் அறைவார்கள். பெரியவர்களுக்கு அது கம்பீரம். நாலரை வயதுக்கு அது நேரே மார்பில் விழும் அடி. அதன் பின்னால் தீப்பந்தம் சுழற்றுபவர்கள். மகள் வீறிட்டாள், கவுன் நனைந்தது, அக்காவைப் பார்த்துத் தம்பியும் தொடங்கினான். எழுந்து போகலாமென்றால் முன்னால் பெரஹரா, பின்னால் கடைச் சுவர், நடுவில் மனிதர்கள். வீதியைக் குறுக்கே கடக்க முடியாது. அழுது களைத்து மகள் என் தோளில் தூங்கிய பிறகுதான் யானைகள் வந்தன. பேழை சுமந்த யானை கடந்தபோது சனமெல்லாம் கைகூப்பி எழுந்து நின்றது. யாரைக் காட்டுவதற்காக வந்தோமோ அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. அண்ணனுடைய வீடியோவில் எல்லாம் இருக்கிறது. வட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டார்.

முடிந்து வெளியே வந்தபோது த்ரீவீல் எதுவும் உள்ளே வர வழியில்லை. போகம்பரை வரை கூட்டத்தோடு நடை, அதன் பிறகு ஏற்றம். அண்ணன் கையில் சுருட்டிய பாய், அண்ணி கையில் ஹேண்ட்பேக், என் மேல் இரண்டு பிள்ளைகள். அந்த மாத அனுபவத்திலிருந்து நீங்கள் ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்வதானால் இதை எடுங்கள்: திரும்பி வரும்போது பிள்ளையைத் தூக்கப் போகிறவர் யாரோ, போகலாமா வேண்டாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். தூக்காதவருக்கு அதில் வாக்கு இல்லை, மூத்தவரானாலும் சரி.

மறுநாள் அவர்கள் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். அன்று பிற்பகல்தான் பகல் பெரஹரா. கெட்டம்பையில் மகாவலி ஆற்றில் நீர் வெட்டும் சடங்கை முடித்துத் திரும்பும் தேவாலயப் பெரஹராக்கள், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு வந்துவிட்டுத்தான் மேலே போகும். அது எங்கள் வீட்டிலிருந்து இறங்கினால் வரும் கோயில். பகல் வெளிச்சம், அழுதால் பத்து நிமிடத்தில் வீடு. பிள்ளைகளுக்கு ஏற்றது அதுதான். நாங்கள் போகவில்லை. இரண்டு பிள்ளைகளும் மூக்கு ஒழுகப் படுத்திருந்தார்கள், இரவில் மகனுக்குக் காய்ச்சல் ஏறியது.

கண்டியில் மழைக்காலக் காய்ச்சலென்றால் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். மனைவி வீட்டில் வைத்திருக்கும் சட்டம் இது, உங்களுக்கும் சொல்கிறேன். பரசிட்டமோல் சிரப் பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இபுபுரோஃபனும் அஸ்பிரினும் கிட்டவே வரக்கூடாது. ஜீவனி (நீரிழப்புக்கான உப்புத் தூள்) கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். சிறுநீர் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை. கைக்குழந்தை என்றால் அதுவரைகூடக் காத்திராமல் டொக்டரிடம் காட்டிவிடுங்கள். அம்மா அட்டனிலிருந்து ஃபோன் எடுத்து, "பத்தினி தேவாலயத்துல நேந்துக்க" என்றார். பத்தினி தெய்வம் நம்முடைய கண்ணகிதான், பிள்ளைகளின் நோய்க்கு சிங்களத் தாய்மாரும் அவளிடம்தான் போவார்கள். நேர்ந்துகொண்டோம். இரத்தமும் எடுத்தோம். டெங்கு இல்லை, வெறும் வைரஸ் காய்ச்சல்.

வெறும் என்று சொன்னேன். அதற்காக மனைவி இரண்டு நைட் டியூட்டியை மாற்றிக்கொண்டாள், அந்தக் கடனைச் செப்டெம்பரில் அடைத்தாள். என் லீவு தீர்ந்து நோ-பே விழுந்தது. பன்னிரண்டு மாதத்தில் போட வேண்டிய ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி அடுத்த கிளினிக்குக்குத் தள்ளிப்போனது. மகள் இன்றும் தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள், வெங்காயத்தோடு.

அண்ணனின் தீர்ப்பு: "மழையில நனைஞ்சா காய்ச்ச வரத்தான் செய்யும், நாங்கல்லாம் வளரலயா?" மழையால் வராது, கூட்டத்தில் இருமியவர்களால் வரும் என்று மனைவி சொன்னாள். அவர் கேட்கவில்லை. அட்டன் வரைக்கும் பரவிய செய்தி என்னவென்றால், தம்பிக்குப் பிள்ளை பார்க்கத் தெரியவில்லை, ஒரு மாதத்தில் இரண்டையும் காய்ச்சலில் படுக்கப் போட்டுவிட்டான். மற்ற நாட்களெல்லாம் யார் பார்த்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. அந்த மாதத்தில் மகன் நிறை கூடியிருந்தான். பதிவேட்டில் மிட்வைஃப் வைத்த புள்ளி இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

பெரஹராவைப் பிள்ளைகளுக்குக் காட்டவே கூடாது என்பதல்ல. கும்பல் பெரஹராவின் முதலிரண்டு இரவுகளில் போங்கள், வீதி முனையில் நின்று பாருங்கள், கசையடி கடந்த பிறகு நெருங்குங்கள். இல்லாவிட்டால் பகல் பெரஹரா. கொண்டுபோகும் வெந்நீர், அவர்கள் சொல்லும் நேரத்துக்கு இரண்டு மடங்காக இருக்கட்டும்.

சொந்தங்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். கும்பல் நாட்களில் வாருங்கள், பாய் இருக்கிறது, தலையணை இருக்கிறது, சோறும் இருக்கிறது. கடைசி ரந்தோலிக்கு வருவதானால் கண்டியில் ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன, இப்போதே புக் பண்ணுங்கள்.