விசிகால்க் வளர்ந்ததும் வீழ்ந்ததும்

வணிகம் செழிப்பதற்கு அறிவும் முதலும் மட்டும் போதா. உடனுழைப்போரிடையே ஒற்றுமையும் வேண்டும். இவ்வுண்மைக்கு அமெரிக்க நாட்டு மென்பொருள் வாணிக வரலாறு ஒரு சான்று தருகின்றது.

1978-ஆம் ஆண்டில் டான் பிரிக்ளின் என்னும் இளைஞர் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்று வந்தார். அங்கே ஆசிரியர் கரும்பலகையில் கட்டங்கள் வரைந்து கணக்கிட்டுக் காட்டுவார். இடையே ஓர் எண்ணை மாற்ற நேர்ந்தால், அதனைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுதுதல் வேண்டும். இதனைக் கண்ட பிரிக்ளின், ஓர் எண்ணை மாற்றிய அளவில் ஏனையவை தாமே மாறும் மின்பலகை ஒன்றைச் செய்யக் கருதினார். நண்பர் பாப் பிராங்க்ஸ்டன் அதற்கு நிரல் எழுதினார். இருவரும் 1979-இல் ‘சாப்ட்வேர் ஆர்ட்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அவர்கள் படைத்த மென்பொருளே ‘விசிகால்க்’ ஆகும்.

அதன் இயல்பைச் சிறிது காண்போம். முதற்கட்டத்தில் பொருளின் விலையையும், அடுத்த கட்டத்தில் விற்ற அளவையும் இடுகிறோம். மூன்றாம் கட்டத்தில் அவ்விரண்டின் பெருக்கற்பலன் தோன்றுமாறு ஒருமுறை விதித்துவிட்டால் போதும். பின்னர் விலையை எத்துணை முறை மாற்றினும், வருவாய் நொடியில் மாறி நிற்கும். நாள் முழுதும் வருந்திச் செய்த கணக்கு, நிமிடங்களில் முடிவதாயிற்று.

மென்பொருளை எழுதும் பணி சாப்ட்வேர் ஆர்ட்சினுடையது. அதனை வெளியிட்டு விற்கும் பணி டான் பில்ஸ்டிரா என்பவரின் ‘பெர்சனல் சாப்ட்வேர்’ நிறுவனத்தினுடையது. விற்பனையில் ஒரு பங்கு ஆக்கியோர்க்கு உரியது. இதுவே அவர்கள் செய்துகொண்ட உடன்பாடு. 1979-இல் ஆப்பிள் 2 என்னும் கணிப்பொறிக்கென விசிகால்க் வெளிவந்தது. அதற்காகவே அப்பொறியை வாங்கிய வணிகர் பலர். ஆறாண்டுகளில் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்றன. மகனால் தந்தை பெயர் பெறுவதுபோல, விற்பனை நிறுவனமும் 1982-இல் தன் பெயரை ‘விசிகார்ப்’ என மாற்றிக்கொண்டது.

இதற்கிடையே, 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் ஆற்றல் மிக்க புதிய கணிப்பொறி ஒன்றை வெளியிட்டது. விசிகால்க் அதிலும் இயங்கிற்று. ஆயினும் அப்பொறியின் ஆற்றலை முழுதும் பயன்கொள்ளவில்லை. அக்குறையை நிறைவு செய்தவர் மிட்ச் கேபோர். இவர் முன்பு விசிகால்க்கை விற்ற நிறுவனத்திலேயே பணியாற்றியவர். இவர் தொடங்கிய லோட்டஸ் நிறுவனம், 1983 சனவரியில் ‘லோட்டஸ் 1-2-3’ என்னும் மென்பொருளை வெளியிட்டது. கணக்கு, வரைபடம், தகவல் தொகுப்பு ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே அமைந்திருந்தன. வணிகர் அதனை விரும்பி வாங்கினர்.

அவ்வேளையில் பழைய கூட்டாளிகள் ஒன்றுபட்டு உழைத்திருத்தல் வேண்டும். அவர்களோ வழக்குமன்றம் ஏறினர். சீர்திருத்திய படிகளை உரிய காலத்தில் எழுதித் தரவில்லை என்று விசிகார்ப் 1983-இல் வழக்குத் தொடுத்தது. சாப்ட்வேர் ஆர்ட்சும் எதிர்வழக்கிட்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் அன்றோ? 1984-இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது; அதற்குள் சந்தை கைநழுவிப் போயிற்று. 1985-இல் சாப்ட்வேர் ஆர்ட்சின் உடைமைகளை லோட்டஸ் நிறுவனமே விலைக்கு வாங்கி, விசிகால்க் விற்பனையை நிறுத்திவிட்டது. விசிகார்ப்பும் பெயரிழந்து மறைந்தது.

மாணவர்களே, நிறுவனங்கள் அழிந்தன. ஆயின் பிரிக்ளின் கண்ட கருத்து அழியவில்லை. இன்று அலுவலகந்தோறும் கணிப்பொறித் திரையில் விரியும் கணக்குத்தாள் அதன் வழிவந்ததே. நல்ல கருத்து, கண்டவர்க்குப் பின்னும் உலகுக்குப் பயன்படும். அதனைக் கொண்டு தாமும் வாழ விரும்புவோர், காலத்தோடு முன்னேறுதலையும் கூட்டாளியோடு ஒத்துழைத்தலையும் ஒருங்கே பேணல் வேண்டும்.