பாக்டீரியாக்கள் கூடிப் பேசுகின்றனவா?

நம்பிக்கை: பாக்டீரியாக்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு, ஆள் சேர்ந்ததும் தாக்குகின்றன.

உண்மை: பேச்சும் இல்லை, திட்டமும் இல்லை. ஹவாய்க் கடலில் பெருவிரல் அளவே உள்ள ஒரு கணவாய் வாழ்கிறது. அதன் ஒளி உறுப்பில் குடியிருக்கும் விப்ரியோ ஃபிஷரி என்ற பாக்டீரியா ஏ.ஹெச்.எல். வகை மூலக்கூறு ஒன்றை எப்போதும் கொஞ்சம் கசியவிட்டபடி இருக்கிறது. திறந்த கடலில் அது கரைந்து போய்விடும். ஒளி உறுப்புக்குள் நெருக்கம் கூடினால் செறிவு ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும் மூலக்கூறு லக்ஸ்-ஆர் என்ற புரதத்துடன் சேர்ந்து ஒளி மரபணுக்களை முடுக்கிவிடும். அதே முடுக்கத்தில் மூலக்கூறின் உற்பத்தியும் பெருகுவதால் ஒளி சட்டென்று பிறக்கிறது. இந்தத் தன்தூண்டலை நீல்சன், ப்ளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் 1970-ல் விவரித்தார்கள். இதற்கு ‘கோரம் சென்சிங்’ என்ற பெயர் 1994-ல் வந்தது.

ஆக, பாக்டீரியா உணர்வது செறிவை மட்டுமே. மிகக் குறுகிய இடத்தில் அடைத்து வைத்தால், தனி ஒரு ஸ்டாஃபிலோகாக்கஸ் செல்கூடக் கூட்டத்தில் இருப்பதுபோல நடந்துகொள்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

நம்பிக்கை: எல்லா பாக்டீரியாக்களுக்கும் சமிக்ஞை ஒன்றுதான்.

உண்மை: இல்லை. கிராம்-நெகட்டிவ் வகைகள் பலவற்றில் ஏ.ஹெச்.எல்.; கிராம்-பாசிட்டிவ் வகைகளில் பெரும்பாலும் சிறு பெப்டைடுகள். ஏ.ஐ.-2 என்ற சமிக்ஞை மூலக்கூறு மட்டும் பல இனங்களுக்குப் பொதுவானது. விப்ரியோக்களில் அதற்குள் போரான் அணு இருப்பது 2002-ல் தெரியவந்தது. உயிர் மூலக்கூறுகளில் போரான் அபூர்வம்.

நம்பிக்கை: கூட்டம் பெருகினால் நோயும் முற்றும், சமிக்ஞையைத் தடுத்தால் குணமாகும்.

உண்மை: சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களில் இது ஓரளவு பொருந்தும். டெலிசியா புல்க்ரா என்ற ஆஸ்திரேலியச் செம்பாசி, ஃபியூரனோன்களைச் சுரந்து பாக்டீரியாச் சமிக்ஞையைக் குலைக்கிறது. அதைப் பார்த்துத்தான் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்துகளின் மீது ஆசை பிறந்தது. ஆனால் காலராவில் கதையே தலைகீழ். அந்தக் கிருமி எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்போதுதான் நச்சைச் சுரந்து குடலில் ஒட்டிக்கொள்கிறது. பெருகிச் செறிவு ஏறியதும் நச்சு மரபணுக்களை அணைத்துவிட்டு, குடலை விட்டுக் கிளம்பத் தயாராகிறது. அங்கே சமிக்ஞையைத் தடுப்பது கிருமிக்குச் செய்யும் உதவி! தேவைப்படுவது சமிக்ஞையை முன்கூட்டியே கொடுப்பது. காலராவின் சமிக்ஞை மூலக்கூறைச் சுரக்கும்படி மாற்றிய ஈ-கோலை பாக்டீரியாவை முன்னதாகக் கொடுத்தபோது, எலிக்குஞ்சுகள் பல காலராவிலிருந்து தப்பிப் பிழைத்தன.