பிரமிடும் குகையும் ஒரே நாளில்

கேள்வி: ஐயா, நாங்கள் ஹூஸ்டனில் வசிக்கிறோம். மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் கால்வெஸ்டனிலிருந்து கப்பலில் போகிறோம். ஒரு நாள் பெலீஸ் நகரத்தில் கப்பல் நிற்கும். அந்த ஒரே நாளில் மாயாக்களின் இடிபாடு ஒன்றையும், குகைக்குள் ஓடும் ஆற்றில் டியூபில் மிதந்து போவதையும் சேர்த்து ஒரு சுற்றுலாவாக விற்கிறார்கள். 'ரெண்டையும் ஓடி ஓடிப் பார்க்கிறதைவிட ஒண்ணை நிதானமாப் பார்க்கலாம்' என்கிறார் என் கணவர். 12 வயது மகளுக்குக் குகைதான் வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாருக்கு வயது 68. முழங்கால் வலி உண்டு, நீச்சல் தெரியாது. ஆனால் பழைய கோயில் என்றால் அவருக்கு உயிர். எதைத் தேர்ந்தெடுப்பது? அந்தக் குகைகளில் மாயாக்கள் வழிபட்டார்கள் என்று படித்தேன். அங்கே போய் டியூப் போட்டு மிதப்பது சரிதானா என்ற உறுத்தலும் இருக்கிறது.
— ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இரண்டையும் சேர்த்தே பாருங்கள். உங்கள் கணவர் சொல்வது பல ஊர்களுக்குப் பொருந்தும். மாயாக்களின் ஊருக்குப் பொருந்தாது. அவர்களுக்குப் பிரமிடு என்பது மனிதர் கட்டிய மலை. அதன் உச்சியில் இருக்கும் கோயிலின் வாசல், அந்த மலையின் குகை வாய். மெக்சிகோவின் கம்பேச்சே மாநிலத்தில் சிகன்னா என்ற இடத்தில் ஒரு கட்டடத்தின் வாசலையே பல் தெரியத் திறந்த பெரிய வாயாக அமைத்திருக்கிறார்கள். குவாத்தமாலாவின் தோஸ் பிலாஸ் நகரத்தில் தொல்லியலாளர் ஜேம்ஸ் பிரேடி நிலத்தடியை ஆராய்ந்தபோது, முக்கியமான கட்டடங்கள் குகைகளை ஒட்டியே எழுப்பப்பட்டிருப்பது தெரியவந்தது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

மீதிக் கதையில் இருப்பது மழை. மாயாக்களின் மழைத் தெய்வம் சாக். மேகமும் இடியும் குகைக்குள்ளிருந்துதான் புறப்படுகின்றன என்று நம்பினார்கள். குகையின் கூரையிலிருந்து சொட்டும், வெளியுலகம் தொடாத நீரைப் பானையில் பிடித்துச் சடங்குக்கு எடுத்துப் போனார்கள். அதே குகைதான் ஷிபால்பா என்னும் கீழுலகத்துக்கும் வழி. கீச்சே மாயாக்களின் பழங்கதை நூலான போபோல் வூவில் வரும் ஹுனாஹ்பூ, ஷ்பலான்கே என்ற இரட்டையர் இறங்கிப்போய், சாவின் அதிபதிகளோடு பந்தாடி ஜெயிப்பது அந்த ஷிபால்பாவில்தான். மகளுக்கு இந்தக் கதையைக் கப்பலிலேயே சொல்லிவிடுங்கள். குகைக்குள் நுழையும்போது அவள் கண்ணே வேறாக இருக்கும்.

மழைக்கே திரும்புவோம். தெற்கு பெலீசின் யோக் பாலும் குகையில் கிடைத்த கசிவுப்பாறை ஒன்றை டக்ளஸ் கென்னட் தலைமையிலான குழு ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டது. கசிவுப்பாறை என்பது சொட்டு நீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு படிந்து படிந்து வளரும் கல். அதன் அடுக்குகளில் 2,000 ஆண்டு மழைக்கணக்கு பதிந்திருந்தது. கி.பி. 440 முதல் 660 வரை நல்ல மழை. ஊர்கள் பெருகின, அரசர்கள் கோயில்களை உயர்த்தினார்கள். 660க்குப் பிறகு மழை மெல்ல மெல்லக் குறைந்தது. போர்கள் மிகுந்தன, அரச வம்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெலீசிலேயே பிறந்த தொல்லியலாளர் ஹைமே ஆவேயும் ஹோலி மோயஸும் மேற்கு பெலீசின் செச்செம் ஹா குகையை ஆராய்ந்தவர்கள். அந்தக் கடைசிக் காலத்தில்தான் குகைக்குள் பானைகளைப் படைப்பது கூடியது, வறட்சிக்கு அஞ்சியே அப்படிச் செய்தார்கள் என்பது அவர்கள் முடிவு. நீங்கள் மிதக்கப்போகும் ஆற்றுக் குகைகளிலும் மாயாப் பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. சும்மா வந்து போட்டவை அல்ல. மழை கேட்டு வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனவையாக இருக்கலாம்.

இனி வழியைப் பார்ப்போம். குகைப் பகுதியின் பெயர் நோஹோச் சேன், கேவ்ஸ் பிராஞ்ச் தொல்லியல் காப்பகம். பெலீஸ் நகரத்திலிருந்து மேற்கே போகும் ஜார்ஜ் பிரைஸ் நெடுஞ்சாலையில் 37ஆம் மைலையொட்டிப் பிரியும் கிளைச்சாலையில் போக வேண்டும். இதோடு சேர்த்து இரண்டு இடிபாடுகளை விற்பார்கள். ஒன்று, வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் ஆல்டுன் ஹா. இன்னொன்று, மேற்குக் கோடியில் குவாத்தமாலா எல்லைக்குப் பக்கத்தில் மோப்பான் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சூனான்டூனிச்.

என் மனதுக்கு நெருக்கமானது சூனான்டூனிச்தான். அதன் எல் காஸ்டியோ கட்டடம் சுமார் 40 மீட்டர் உயரம். மேலே நின்றால் இரண்டு நாடுகளின் காடும் தெரியும். 2016இல் ஆவேயின் குழு அங்கே ஓர் அரச சமாதியையும் எழுத்துப் பலகைகளையும் கண்டெடுத்தது. அந்தப் பலகைகள் தொலைவிலுள்ள கரக்கோல் நகரத்தில் இருந்த படிக்கட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. தோற்ற ஊரின் வரலாற்றை வென்றவர்கள் கல்லோடு தூக்கிப் போயிருக்கிறார்கள்! ஆனால் பெலீஸ் நகரத்திலிருந்து அங்கே போகவே இரண்டு மணி நேரம் ஆகும். குகையையும் சேர்த்தால் கப்பல் பயணிக்கு அது ஆபத்தான கணக்கு. என்றாவது விமானத்தில் வந்து சான் இக்னாசியோ ஊரில் இரண்டு இரவு தங்கினால் அப்போது போங்கள். இந்த முறை ஆல்டுன் ஹா.

ஆல்டுன் ஹா சிறிய இடம், இரண்டு முற்றங்களும் சுற்றிலும் கட்டடங்களும்தான். அதனாலேயே நிதானமாகப் பார்க்கலாம். டொரன்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் பென்டர்காஸ்ட் 1964 முதல் 1970 வரை இங்கே அகழ்ந்தார். 'கல்பீடக் கோயில்' என்று அழைக்கப்படும் பிரமிடின் உள்ளே ஒரு முதியவரின் சமாதியில், 1968இல், ஒற்றை ஜேட் கல்லில் செதுக்கிய தலை ஒன்று கிடைத்தது. உயரம் சுமார் 15 சென்டிமீட்டர், எடை 4.42 கிலோ. சூரியக் கடவுள் கினிச் அஹாவ் என்று பென்டர்காஸ்ட் கருதினார். மாயா உலகில் கிடைத்த செதுக்கிய ஜேட் கற்களில் இதுவே மிகப் பெரியது. பெலீசில் ஜேட் கிடையாது, குவாத்தமாலாவின் மோட்டாகுவா பள்ளத்தாக்கிலிருந்துதான் வர வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்த மணிகளையும் பதக்கங்களையும் இந்தக் கோயிலின் உச்சியிலிருந்த பீடத்தில் உடைத்து, கோபால் என்னும் மரப்பிசினோடு நெருப்பில் இட்டிருக்கிறார்கள். கிடைத்தற்கரியதை முழுசாக வைத்துக்கொள்ளாமல் தெய்வத்துக்கு உடைத்துக் கொடுத்த அந்தச் செயல்தான் இந்த இடத்தில் என்னை மிகவும் பாதித்தது.

உங்கள் மாமனாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இங்கே எழுத்துப் பொறித்த நடுகற்கள் இல்லை. அதனால் இவ்வூரை ஆண்டவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. ஆனால் அவர்கள் நீரைப் பேணிய விதம் கண்ணுக்குத் தெரியும். கோயில்களைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் குளம் ஒன்று வரும். இயற்கையாக அமைந்த பள்ளத்தை ஆழப்படுத்தி, நீர் கசியாமல் இருக்க அடியில் களிமண் பூசியிருக்கிறார்கள். பெரும்பாலான குழுக்கள் பிரமிடோடு திரும்பிவிடுகின்றன. வழிகாட்டியிடம் கேட்டு அதையும் பார்த்துவிடுங்கள்.

அந்த நாட்டுக் காட்டில் இரண்டு மரங்களை உங்கள் மாமனார் உடனே அடையாளம் கண்டுகொள்வார். ஒன்று இலவம். மாயாக்களுக்கு அது உலகத்தைத் தாங்கும் மரம். வேர் ஷிபால்பாவில், கிளை விண்ணில். மற்றொன்று சப்போட்டா. நம் தோட்டத்துக்கு அந்தப் பழம் மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்துதான் வந்தது. அதன் கட்டையைக் கோயில் வாசல்களுக்கு உத்தரமாக வைத்தார்கள். திகால் நகரத்தில் அந்த உத்தரங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்றன.

குகை மிதப்புக்கு வருகிறேன். வண்டி நிற்கும் இடத்தில் தலைக்கவசம், நெற்றி விளக்கு, மிதவைச் சட்டை, டியூப் எல்லாம் தருவார்கள். லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. டியூபைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். வழியில் ஆற்றை இறங்கிக் கடக்க வேண்டும். பிறகு டியூபில் உட்கார்ந்தால், வழிகாட்டி எல்லோரையும் சங்கிலியாகக் கோத்து இழுத்துப் போவார். சுண்ணாம்புக் கல் மலையை மழைநீரும் ஆறும் கரைத்துக் குடைந்த வழி இது. உள்ளே போனதும் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொல்வார்கள். அப்போது சூழும் இருட்டில் கையைக் கண்ணருகே வைத்தாலும் தெரியாது.

நீங்கள் மார்ச்சில் போவது நல்லது. பிப்ரவரி முதல் மே வரை மழை குறைவு, நீர் தெளிவாகவும் நிதானமாகவும் ஓடும். சில இடங்களில் ஆழமே இல்லாமல் டியூபின் அடி கல்லில் உரசும், வழிகாட்டி சொல்லும்போது இடுப்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரையிலான மழைக்காலத்தில் ஆறு பெருகினால் குகையை மூடிவிடுவார்கள். அப்படி மூடினால் வாதாடாதீர்கள். கூரைக்கும் நீருக்கும் இடைவெளி குறைந்த குகையில் யாருக்கும் வேலை இல்லை.

நீச்சல் தெரியாதது பெரிய தடை அல்ல, மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டினால் போதும். தடை முழங்கால்தான். வழுக்கும் கல், ஆற்றைக் கடக்கும் இடம், ஏறி இறங்கும் படிகள், திரும்பி உட்காரக் குனிவது, எல்லாமே முழங்காலைக் கேட்கும். என் கருத்து: மாமனார் ஆல்டுன் ஹாவை முழுதாகப் பார்க்கட்டும், குகைக்கு வர வேண்டாம். காப்பகத்தின் வாசலருகே உட்கார இடமும் சிறு கடைகளும் உண்டு. உங்கள் கணவர் அவரோடு இருக்கட்டும், நீங்களும் மகளும் போய் வாருங்கள். அவருக்கு மனம் ஆறாது என்றால், உங்கள் குடும்பத்துக்கு மட்டுமாக ஒரு தனி வழிகாட்டியை அமர்த்துங்கள். நாற்பது பேர் கூட்டத்தில் மெதுவாக நடப்பவருக்காக யாரும் நிற்க மாட்டார்கள்.

பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு அல்லது நீரில் நனையும் ஷூ போடுங்கள், ரப்பர் செருப்பு முதல் ஓட்டத்திலேயே போய்விடும். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். மகளின் உயரத்துக்கும் வயதுக்கும் அந்த நிறுவனம் வைத்திருக்கும் வரம்பை முன்பே கேளுங்கள். பிரமிடு முதலில், குகை பிறகு என்ற வரிசை கிடைத்தால் விடாதீர்கள். ஆல்டுன் ஹா முற்றத்தில் நிழலே இல்லை, உச்சி வெயிலில் அது தாங்காது.

நேரக் கணக்கில்தான் பலர் சிக்குகிறார்கள். பெலீஸ் கரையில் கடல் ஆழமில்லை, கப்பல் தொலைவில் நங்கூரமிடும். அங்கிருந்து சிறு படகில் கரைக்கு வர வேண்டும், கடைசிப் படகுக்கு முன் திரும்ப வேண்டும். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று டெக்சாஸ் கடிகாரம் ஒரு மணி முன்னே போகும், பெலீசில் அந்த வழக்கம் இல்லை. கப்பல் எந்த நேரத்தை வைத்திருக்கிறது என்று அன்று காலையில் கேட்டு, கைக்கடிகாரத்தை அதற்கு மாற்றுங்கள். ஆல்டுன் ஹா வடக்கே, குகை மேற்கே, அதனால் சாலையிலேயே பல மணி நேரம் போகும். கரையில் ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகக் கிடைத்தால் ஒன்றை விட்டுவிடுங்கள். கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளியே அமர்த்தினால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. மாமனாருக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்றால், பெலீஸ் விசா விதியைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவருடைய அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையா என்றும் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் உறுத்தல். அது நியாயமானது. மாயாக்கள் மறைந்துபோன மக்கள் அல்லர். பெலீசிலேயே மோப்பான், கெக்சீ, யுகடெக் மாயாக்கள் வாழ்கிறார்கள். தெற்கே டொலேடோ மாவட்டத்தில் அவர்களின் மரபுவழி நில உரிமையைக் கரீபிய நீதிமன்றம் 2015இல் உறுதி செய்தது. கெக்சீ மக்கள் மலையும் பள்ளத்தாக்குமான தங்கள் தெய்வத்தைக் குகையில் வணங்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இந்தக் காப்பகத்தில் மிதப்பதை நாட்டின் தொல்லியல் துறையே அனுமதித்து, உரிமம் பெற்ற வழிகாட்டியோடு நடத்துகிறது. அந்த வருமானத்தில்தான் அக்கம்பக்கத்து ஊர்களின் வழிகாட்டிகள் பலர் பிழைக்கிறார்கள். ஆகவே போவதில் தவறில்லை, போகும் விதம்தான் பார்க்க வேண்டியது. சில குழுக்கள் குடித்துவிட்டு, பாட்டும் கூச்சலுமாகக் குகையை அதிரவைக்கின்றன. எனக்கு அது பொறுக்காது. ஆக்டுன் துனிச்சில் முக்னல் என்ற இன்னொரு குகையில், மாயாக்கள் பலியிட்ட மனிதர்களின் எலும்புகள் கிடந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒரு பயணி கேமராவை மண்டையோடு ஒன்றின் மேல் நழுவவிட்டதால் 2012 முதல் அங்கே கேமராவுக்கே தடை.

குகைக்குள் வழிகாட்டியிடம் சொல்லி ஒரு பகுதியையாவது பேச்சில்லாமல் கடந்து பாருங்கள். கூரையில் தொங்கும் கசிவுப்பாறைகளை மகள் தொட ஆசைப்படுவாள், விடாதீர்கள். கையின் எண்ணெய் பட்டால் அந்தக் கல்லின் வளர்ச்சி நின்றுவிடும். பானை ஓடு எதுவும் கண்ணில் பட்டால் எடுக்க வேண்டாம், வழிகாட்டியிடம் காட்டுங்கள். பெலீஸ் சட்டப்படி அது அரசின் சொத்து.