எழுத்தும் பக்கமும்
கணினியில் ஆவணம் அமைக்கும் முறை

பழைய ஓலைச்சுவடியை நேரிற் கண்டவர், அதனைப் படித்தல் எத்துணை அரிது என்பதை அறிவர். சொற்களுக்கிடையே வெளி இராது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. பந்திப் பிரிவும் இராது. 1849 ஆம் ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய ஆறுமுக நாவலர், நிறுத்தக்குறி இட்டும் பந்தி வகுத்தும் வசனநூல்களைப் பதிப்பித்தார். அவருடைய பாலபாடங்கள் சிறுவர் கைகளிலும் தவழ்ந்தன. பக்க அமைப்பு அழகின் பொருட்டு மட்டும் அன்று, படிப்போர் பொருட்டே என்பது இதனாற் பெறப்படும்.

ஊவாத் தோட்டங்களிற் பிறந்த நமக்கு இவ்வுண்மை மேலும் நெருக்கமானது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நம் முன்னோர் நாடற்றோராயினர். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்தமையை அவர்கள் காகிதத்தால் நிறுவ வேண்டியிருந்தது. விண்ணப்பித்தோருட் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். பின்னும் நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. ஒரு காகிதத்தின் கனத்தை நம்மினும் அறிந்தவர் யார்?

இனி, சொற்செயலியிற் கவனிக்க வேண்டியவற்றைக் கூறுவோம்.

1. எழுத்துரு: பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவத்தை ஏற்றியவை. பசறையில் அவ்வாறு தட்டச்சு செய்த விண்ணப்பத்தை, அவ்வெழுத்துரு இல்லாத பதுளை அலுவலகக் கணினியிலே திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே தோன்றும். ஆதலின் யுனிக்கோட் முறையையே கைக்கொள்க. 1991 இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் உண்டு.

2. பக்கம்: தாளின் அளவை முதலில் தெரிவு செய்க. ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் உயரமும் உடையது. நாற்புறமும் ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் ஓரம் விடுக. கோவையிற் கோக்கும் தாளாயின் இடப்புறம் சிறிது மிகுதியாக விடுதல் நன்று; இன்றேல் வரியின் முதலெழுத்துக்கள் துளையில் மறையும்.

3. வரி: தமிழெழுத்து மேலே விசிறியும் கீழே வளைவும் கொண்டது. வரிகளை நெருக்கினால் அவை ஒன்றோடொன்று முட்டும். ஒன்றேகால் முதல் ஒன்றரை வரை இடைவெளி வேண்டும். நம் சொற்கள் நீண்டவை. இருபுறமும் ஒப்பச் சீர்செய்தால் வரியிடையே பள்ளங்கள் தோன்றும். இடப்புறம் மட்டும் சீர்செய்தல் நலம். சாய்ந்த எழுத்துத் தமிழுக்கு இயல்பன்று. அழுத்தம் வேண்டுமிடத்துத் தடித்த எழுத்தை அளவாக வழங்குக.

4. தலையங்கம்: வெற்றிட விசையை மீண்டும் மீண்டும் தட்டித் தலையங்கத்தை நடுவே கொணர்வதும், வெறும் வரிகளை அடுக்கிப் புதுப்பக்கம் செல்வதும் பலர் செய்யும் பிழை. ஒரு சொல் கூட்டினும் யாவும் குலையும். தலையங்கத்துக்கென உள்ள பாணியையும் பக்க முறிவையும் பயன்படுத்துக. அவ்வாறு செய்தால் பொருளடக்கத்தைக் கணினியே அமைத்துத் தரும்.

மாணவர்காள்! நாளை உம் பெற்றோரின் முகவரிக்கும் காணிக்கும் நீவிரே கடிதம் எழுதுவீர். பெறுபவர் ஒருமுறை நோக்கியதும் யார், எங்கிருந்து, என்ன வேண்டுகிறார் என்பது விளங்க வேண்டும். அதுவே நல்ல பக்கத்தின் இலக்கணம்.